முகத்தில் மிகை முடி வளர்ச்சி: மாத்திரை, களிம்பு, லேசர் – என் நீண்ட கால அனுபவம்

முகத்தில் முடி தடித்துக் கறுத்து வளர்கிறது, லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்கும் பெண்களிடம், காரணம் என்னவென்று பார்த்தீர்களா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். மோவாயிலும் மேலுதட்டிலும் அடிவயிற்றிலும் முடி வளர்ந்து, மாதவிடாயும் இரண்டு மூன்று மாதங்கள் தள்ளிப்போகத் தொடங்கிய நிலையில் ஆரம்பித்த என் சிகிச்சை பல ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

முதலில் பார்த்த மருத்துவர், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மனவேதனையோடு வரும் பெண்ணுக்கு இது பதிலே அல்ல. அடுத்துப் பார்த்த ஹார்மோன் சிறப்பு மருத்துவர், மேலுதடு முதல் தொடை வரை ஒன்பது இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டார். 1961-இல் ஃபெரிமன், கால்வே இருவரும் வெளியிட்ட முறையின் திருத்திய வடிவம் இது. பொதுவாக மொத்த மதிப்பெண் 8-ஐத் தொட்டால் மிகை வளர்ச்சி என்பார்கள். ஆனால் எல்லா இனப் பெண்களுக்கும் அந்த வரம்பு ஒன்றல்ல. எத்தனை நாளுக்கு ஒருமுறை த்ரெட்டிங் செய்கிறீர்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார். முடியை எடுத்துவிட்டு வந்த முகத்தில் மதிப்பெண் குறைவாகத்தான் விழும்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள்தாம் முக்கியமானவை. முடி மெல்ல மெல்ல வளர்ந்ததா, சில மாதங்களிலேயே திடீரென்று அடர்ந்ததா, குரல் கனத்திருக்கிறதா, வேறு ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டார். திடீர் வளர்ச்சியும் குரல் மாற்றமும் சேர்ந்து வந்தால் சினைப்பையிலோ, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், தைராய்டு, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஆகியவற்றோடு, பிறவியிலேயே வரும் அட்ரினல் கோளாறு இருக்கிறதா என்றறிய 17 ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் சோதனையையும் மாதவிடாய் தொடங்கிய முதல் சில நாள்களுக்குள் காலையிலேயே எடுக்கச் சொன்னார். ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு இருந்தது பிசிஓஎஸ், அதாவது ஆண் ஹார்மோன் கூடி மாதவிடாய் தள்ளிப்போகும் சினைப்பைக் கோளாறு. இத்தகைய முடி வளர்ச்சியில் பெரும்பகுதிக்கு அதுவே காரணம். எல்லாச் சோதனைகளும் சரியாக இருந்தும் முடி வளர்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் சிகிச்சை உண்டு.

இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறைந்த வரலாறு ஆகியவற்றை விசாரித்த பின் கருத்தடை மாத்திரை எழுதித் தந்தார். கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த மாத்திரையா என்று வீட்டில் அம்மா தயங்கியபோது, சினைப்பையில் சுரக்கும் ஆண் ஹார்மோனைக் குறைக்கத்தான் இது என்று மருத்துவரே விளக்கினார். முடியின் வளர்ச்சிச் சுற்று நீளமானது என்பதால் ஆறு மாதத்துக்கு முன் பலனை எதிர்பார்க்கக் கூடாது என்றார். அது அப்படியேதான் இருந்தது. மோவாயில் இருந்த முடி உதிரவில்லை. புதிதாக முளைத்தவை மெலிந்து வந்தன, த்ரெட்டிங்குக்கு இடையிலான நாள்கள் கூடின. பிறகு ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் சேர்ந்தது. அடிக்கடி சிறுநீர் போவதைத் தவிர எனக்குத் தொல்லை எதுவுமில்லை. ஆனால் கருவிலிருக்கும் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கலாம் என்பதால், கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்கள் தகுந்த கருத்தடை இல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது. மெட்ஃபார்மின் மாத்திரை சர்க்கரைக்கும் மாதவிடாய்க்கும் உதவலாம். முடிக்கென்று அதை நம்ப வேண்டாம். எஃப்ளோர்னிதின் களிம்பு வளர்ச்சியை மந்தப்படுத்துமே தவிர முடியை எடுக்காது. தடவுவதை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலைதான்.

ஏற்கெனவே தடித்துவிட்ட முடிக்கு லேசர்தான் பலன் தந்தது. நம்முடைய மாநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரே பாதுகாப்பானது. குறைந்த அலைநீளங்களைத் தோலின் நிறமியே அதிகம் உறிஞ்சிக்கொள்வதால் தீப்புண்ணும் கரும்படையும் வரலாம். வேர் உள்ளே இருந்தால்தான் ஒளி அதைச் சுடும் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே த்ரெட்டிங்கையும் வேக்சிங்கையும் நிறுத்திவிட்டு, ஷேவ் மட்டும் செய்ய வேண்டும். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் ரப்பர் பேண்டால் சுண்டியது போல ஒரு சுரீர், கூடவே முடி பொசுங்கும் வாடை. முடித்து எழும்போது மயிர்க்கால்களைச் சுற்றி மட்டும் சிவந்து தடித்திருக்கும். பொசுங்கிய முடிகள் ஓரிரு வாரங்களில் கரும்புள்ளிகள் போல மேலே தள்ளப்பட்டு, முகம் கழுவும்போது கையோடு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் எந்த விளம்பரமும் எனக்குச் சொல்லவில்லை. தாடைக்குக் கீழே, கழுத்தோரத்தில், அதுவரை பூனைமுடியாக இருந்தது லேசருக்குப் பிறகு கறுத்துத் தடித்தது. நம்மைப் போன்ற நிறமுடைய பெண்களின் முகத்திலும் கழுத்திலும் அரிதாக இப்படி நேர்வதுண்டு என்று தோல் மருத்துவர் விளக்கி, அந்த இடத்தை, மெல்லிய ஊசி வழியே மின்சாரம் செலுத்தி முடி வேரை அழிக்கும் எலெக்ட்ரோலிசிஸுக்கு மாற்றினார். ஒவ்வொரு மயிர்க்காலாகச் செய்வதால் அது மிக மெதுவானது. ஆனால் லேசருக்கு மசியாத நரைமுடிக்கும் அதுவே வழி.

இப்போது முகத்தில் இருப்பது எப்போதாவது எட்டிப்பார்க்கும் சில முடிகள்தாம். ஹார்மோன் கோளாறு அப்படியே இருப்பதால் இடையிடையே லேசர் தேவைப்படுகிறது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், சர்க்கரை, கொழுப்புச் சோதனைகளையும் தவறாமல் செய்துகொள்கிறேன்.