கைவினைச் சந்தையில் கடை போட்ட அனுபவம்: ஐந்துக்கு மூன்று

செட்டிநாட்டுக் கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, பின்னி விற்கிறேன். சென்னையில் மார்கழியில் நடந்த ஒரு கைவினைச் சந்தையில் கடை போட்டேன். வாடகை 4,500 ரூபாய். அதற்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டியூப்லைட். மின்விசிறிக்குத் தனிக் காசு என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்தது பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்து இடம். எண்ணெய்ப் புகை ஓலையில் ஏறினால் வாடை லேசில் போகாது. எல்லாவற்றையும் கவரிலேயே வைத்திருந்தேன். தொட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? எதிர்க் கடையில் மெஷினில் வார்த்த பிளாஸ்டிக் கூடையும் ‘கைவினை’ என்றே போனது. அமைப்பாளர்கள் கண்டுகொள்ளவில்லை. புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்று அட்டையில் எழுதி வைத்தும், “ஓலைதானே, 350 ரூபாயா?” என்றார்கள். குருத்தோலையைக் காயவைத்து, கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கிப் பின்னுவதை விளக்கியே தொண்டை வறண்டது.

சரி, நல்லதும் உண்டு. கழிப்பறை சுத்தம், ஜிபே தடங்கலில்லாமல் ஓடியது. ஞாயிறு மாலை ஓர் அம்மா, மகளின் வளைகாப்புத் தாம்பூலத்துக்கு 60 சின்னக் கொட்டான் கேட்டு அட்வான்ஸும் கொடுத்தார். வாடகை அதில்தான் தேறியது.

அடுத்த வருடமும் போவேன். சாப்பாட்டுக் கடைகளிலிருந்து தள்ளி இடம் தருவதாக எழுதிக் கொடுத்தால் மட்டும்.