தட்டைப் பாதத்துக்கு நடைப் பயிற்சி: காசு கொடுத்துப் போகலாமா?

எங்கள் ஏரியாவில் இருக்கும் ஒரு பிசியோதெரபி சென்டரில் தட்டைப் பாதத்துக்காக (உள்ளங்காலில் வளைவு இல்லாமல் தரையோடு படியும் பாதம்) நடையைத் திருத்தும் பயிற்சிக்குச் சில மாதங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம், ஆனால் வீட்டில் செய்யச் சொல்வதைச் செய்கிற ஆளாக இருந்தால் மட்டும்.

பிடித்த விஷயம், எடுத்த எடுப்பில், ஷூவுக்குள் வைக்கும் இன்சோலைக் கொண்டுவந்து நீட்டவில்லை. நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். அப்படி நிற்கும்போது உள்வளைவு எழுந்தால் பயிற்சிக்கு வாய்ப்பு இருக்கிறதாம், அப்போதும் தட்டையாகவே கிடந்தால் முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் வெறுங்காலோடு ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து வீடியோ எடுத்தார்கள். பாதம் உள்பக்கம் சாய்வது செருப்புத் தேய்மானத்திலேயே தெரிந்ததுதான், ஆனால் கூடவே முழங்காலும் உள்ளே வருகிறது, இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறது என்பதெல்லாம் வீடியோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதனால் எனக்குக் கொடுத்ததில் பாதி, இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கான பயிற்சி. பாதத்துக்கு வந்தால் இடுப்புக்கு எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள், அது சரியில்லாமல் பாதத்தை மட்டும் நிமிர்த்தி நிற்பது கஷ்டம்.

பாதத்துக்கு முக்கியமானது ‘ஷார்ட் ஃபுட்’. விரல்களைச் சுருட்டாமல், பாதத்தின் முன்பகுதியைக் குதிகால் பக்கம் இழுத்து வளைவைத் தூக்க வேண்டும். பார்ப்பவருக்கு நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும், உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும்போதுதான் உங்களுக்குப் புரியும்! உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு ஒற்றைக்காலில். இரண்டு குதிகாலுக்கும் நடுவே சின்னப் பந்தை இடுக்கிக்கொண்டு எம்பி நிற்பதும் உண்டு. கடைசியில்தான் நடை: எட்டு வைக்கும் தூரத்தைக் கொஞ்சம் குறுக்கி, ஒவ்வோர் அடியையும் கட்டைவிரலால் உந்தி முடிக்கச் சொல்கிறார்கள். கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கும்போது உள்ளங்காலில் இருக்கும் கெட்டியான சவ்வு இறுகி, வளைவு தானாக எழும் என்பது கணக்கு.

பலன்? ஈரக்காலின் தடம் இன்னும் கிட்டத்தட்ட முழுசாகத்தான் விழுகிறது, புதிதாக வளைவு எதுவும் முளைக்கவில்லை. ஆனால் நெடுநேரம் நின்றால் கணுக்காலின் உள்பக்கம் வரும் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது, ஒற்றைக்காலில் ஆட்டமில்லாமல் நிற்க முடிகிறது.

குறை என்றால் சாயங்கால நேரம். ஒரே பிசியோ நாலு பேரைப் பார்த்தால் யார் விரலைச் சுருட்டுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார்கள், கொடுக்கும் பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் மட்டும். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போகிறவர்கள் வெறுங்காலோடு ட்ரெட்மில் ஏறுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள், என்னிடம் அவர்களாகக் கேட்கவில்லை.