வெள்ளவத்தைக்கு ஆல்டோவா, வாகன் ஆரா?

பழைய சுசுகி கார் ஒன்று வாங்கி, கொழும்பு காலி வீதியில் மாலை 5 மணிக்கு ஓட்டுபவருக்கு முதல் கேள்வி கிளட்ச்தான். இந்திய ஆல்டோ 800-க்கு 796 சிசி இயந்திரம், கையால் மாற்றும் 5 கியர். பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டுவதற்குள் இடது கால் களைத்துவிடும். ஆனால் வாங்கும் விலை குறைவு, எந்த கராஜிலும் பழுது பார்ப்பார்கள், உதிரிப்பாகமும் மலிவு.

ஜப்பானிய வாகன் ஆர் 658 சிசிதான், ஆனால் ஓட்டோ கியர். சிக்னலில் இயந்திரம் தானே அணைவதால் நெரிசலில் பெற்றோல் மிச்சமாகும். உயரமான கூரை, அம்மா குனியாமல் ஏறி இறங்கலாம். எனக்கு இதுவே பெரிய விஷயம். அகலம் 1475 மில்லிமீட்டர்தான், ஒழுங்கைக்குள்ளும் நுழையும்.

சரி, விலை? இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. அதனால் விளம்பரத் தொகையை அப்படியே நம்பாதீர்கள். வாகன் ஆருக்கு ஜப்பான் ஏலத் தாளை (அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையும் ஓடிய தூரமும் எழுதிய தாள்) கேட்டு, கிலோமீட்டரை ஒப்பிடுங்கள். ஹைபிரிட் ரகமென்றால் அதன் பற்றரியைச் சோதித்து, மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவைக் கழித்தே பேரம் பேசுங்கள். லீசிங் என்றால் மாதத் தவணையை அல்ல, மொத்தமாகக் கட்டும் தொகையைப் பாருங்கள்.

கையில் காசு குறைவென்றால் ஆல்டோ. தினமும் நெரிசலென்றால், கொஞ்சம் பொறுத்து வாகன் ஆர்.