கிளிப் கழற்றும் அன்றே ரிட்டெய்னர் கையில் இருக்க வேண்டும்: வேலூரில் எங்களுக்கு நேர்ந்தது

கடந்த ஆண்டு சித்திரை மாதத்தில் வேலூரிலுள்ள ஒரு தனியார் பல் மருத்துவமனையில் என் மகளுக்கு நேர்ந்ததை, பிள்ளைகளுக்குப் பல் கிளிப் போட்டிருக்கும் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அந்த மருத்துவமனைக்கு அனுப்பிய கடிதம் ஒன்று நிலுவையில் இருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

மேல்வரிசை முன்பற்களில் ஒன்று திரும்பி, பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருந்ததால் அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது கிளிப் போட்டோம். இரண்டு ஆண்டுகளில் மாதத் தவணையாக 42,000 ரூபாய் கட்டினோம். எல்லாம் இந்தத் தொகைக்குள் அடக்கம் என்று முதல் நாள் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். அதை எழுதி வாங்காமல் விட்டது எங்கள் பிழை. சிகிச்சையைத் தொடங்கிய பல் சீரமைப்பு நிபுணர் சென்னையிலிருந்து மாதத்துக்கு இருமுறை மட்டும் வந்து செல்பவர். கிளிப்பைக் கழற்றிய நாளில் அவர் வரவில்லை. அங்கிருந்த மற்றொரு மருத்துவர் கழற்றி, ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, அளவு எடுத்துக்கொண்டு, நகர்த்திய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் ஒரு வாரத்தில் வந்துவிடும், அதுவரை ஒன்றும் ஆகாது என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு வாரம் 24 நாட்களாக நீண்டது. காட்பாடியிலிருந்து நான்கு முறை சென்று கேட்டோம்; ஒவ்வொரு முறையும் லேபிலிருந்து இன்னும் வரவில்லை என்ற பதில்தான் கிடைத்தது.

அந்த நாட்களின் அருமை அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு வேறொரு மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது. கிளிப் பல்லை நகர்த்துகிறதே தவிர, நகர்ந்த இடத்தில் அதை நிலைக்க வைப்பதில்லை. பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிணைத்திருக்கும் நுண்ணிய நார்கள் புதிய இடத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ள ஏறத்தாழ மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். ஈறுக்குள் பல்லின் கழுத்தைச் சுற்றியிருக்கும் நார்களோ ஓராண்டு வரைகூட இழுத்துக் கட்டிய ரப்பரைப் போலப் பழைய இடத்தை நோக்கியே பல்லை இழுத்துக்கொண்டிருக்கும். முன்பு திரும்பியிருந்த பல்தான் மற்ற பற்களைவிட எளிதில் பின்வாங்கும். கிளிப் கழற்றிய முதல் வாரங்களில் பல்லுக்குப் பிடிமானம் மிகக் குறைவு என்பதை அறிந்த எந்த மருத்துவமனையும் ஒரு குழந்தையை 24 நாட்கள் வெறும் வாயோடு அனுப்பியிருக்கக் கூடாது என்று இன்றும் உறுதியாக நினைக்கிறேன்.

இறுதியாக வந்த ரிட்டெய்னர் பொருந்தவில்லை. கண்ணாடி போன்ற அந்த உறைக்கும் பல்லின் நுனிக்கும் நடுவே இடைவெளி வெளிப்படையாகத் தெரிந்தது. உதவியாளர் அதை விரலால் அழுத்தி மாட்டிவிட்டு, போடப் போடச் சரியாகிவிடும், இரவில் மட்டும் போட்டால் போதும் என்றார். ஓரிரு நாள் போடாமல் விட்ட ரிட்டெய்னர் சற்று இறுக்கமாக இருந்து பிறகு தளர்வது உண்டுதான். ஆனால் உறை பல்லில் முழுதாக அமரவில்லை என்றால், பல் நகர்ந்துவிட்டது என்று கொண்டு உடனே புதிதாக அளவு எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் அது விரிசல் விட்டது. புதிய ரிட்டெய்னர் தொகையில் அடங்காது என்று கூறி 5,500 ரூபாய் வாங்கினார்கள்; முறையான ரசீது தரவில்லை.

இரண்டாவது ரிட்டெய்னரைக் கொடுத்தபோது, கிருமி போவதற்காக வாரம் ஒருமுறை வெந்நீரில் போட்டு எடுக்கும்படி அதே உதவியாளர் சொன்னார். என் மனைவி அவ்வாறே செய்தார்; எங்கள் கண்ணெதிரே அது நெளிந்து உருமாறியது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, பல் அச்சின்மேல் உறிஞ்சிப் படியவைத்துச் செய்யப்படும் பொருளுக்கு வெந்நீர் ஆகாது என்பது அதைத் தினமும் விற்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பழி எங்கள்மேல் விழுந்தது.

குளிர்ந்த நீரில், மென்மையான பிரஷ்ஷால், பற்பசை இல்லாமல் கழுவுவதே சரியான முறை. பற்பசையிலுள்ள துகள்கள் பிளாஸ்டிக்கில் கீறல் விழச் செய்ய, அந்தக் கீறல்களில் அழுக்கும் நாற்றமும் தங்கிவிடும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. குடத்தில் படிவதைப் போலவே ரிட்டெய்னரிலும் வெள்ளைப் படலம் படிந்தது. நீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவினால் அது கரைகிறது. கத்திரி வெயிலில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நம் ஊரில், ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழேயோ வெயிலில் நிற்கும் காரிலோ அதை ஒருபோதும் வைக்காதீர்கள். உணவகத்தில் கழற்றினால் அதற்குரிய டப்பாவில் போடுங்கள்; காகிதத்தில் சுற்றி வைத்தால் இலையோடு குப்பைக்குப் போய்விடும். அதை மாட்டிக்கொண்டு தண்ணீர் தவிர வேறெதையும் குடிக்கக் கூடாது.

ஆடி மாதம் நாங்கள் வேறு மருத்துவரிடம் சென்றபோது, திரும்பியிருந்த பல் மீண்டும் பாதியளவு திரும்பியிருந்தது. அவர் மேல் முன்பற்கள் ஆறுக்கு மட்டும் ஐந்து மாதம் கிளிப் போட்டுச் சரிசெய்தார். ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன்பே இருவகை ரிட்டெய்னர்களைத் தயாராக வைத்திருந்தார்: பற்களின் பின்புறம் ஒட்டும் மெல்லிய கம்பி ஒன்று, அண்ணத்தில் பொருந்தும் தகடும் முன்னால் கம்பியும் கொண்ட, சார்லஸ் ஹாலியின் பெயரால் வழங்கும் பழைய வகை மற்றொன்று. பிந்தையது பேச்சைச் சில நாட்கள் தடுமாறச் செய்தாலும் உறுதியானது. கம்பியை முறுக்கித் திருத்தவும் முடியும். ஒட்டிய கம்பி ஒரு பல்லிலிருந்து மட்டும் விடுபட்டால் நமக்குத் தெரியாமலே அந்தப் பல் நகரக்கூடும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். முதல் சில மாதங்கள் சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர நாள் முழுவதும் தகட்டைப் போடவேண்டும் என்றார். இரவு மட்டும் போதும் என்று சில மருத்துவர்கள் முடிவு செய்வதும் உண்டாம்; அந்த முடிவைப் பல்லைப் பார்த்து மருத்துவரே எடுக்க வேண்டும், பெட்டியை நீட்டும் உதவியாளர் அல்ல.

பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் கட்டணம் கிடையாது. தவணைச் சீட்டுகளையும், கிளிப் கழற்றிய அன்று எடுத்த படங்களையும், இரண்டாம் மருத்துவரின் அறிக்கையையும் இணைத்து, 5,500 ரூபாயையும் மறுசிகிச்சைச் செலவையும் கோரிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. இந்த மாதம் முடியும்வரை பார்த்துவிட்டு ஆணையத்தில் மனு அளிக்க இருக்கிறேன்.