ஷீல்ட் தொடரின் 17ஆம் எபிசோட்: அதுவரை பொறுத்தவர்களுக்குக் கிடைத்த கூலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையை உடைக்காமல் இந்த எபிசோடைப் பற்றிப் பேசவே முடியாது. 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, முதல் சீசனை முடித்துவிட்டு வாருங்கள்.

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ஆரம்பித்து 2020 வரை ஏழு சீசன், 136 எபிசோட் ஓடிய மார்வெல் தொடர் இது, ஷீல்ட் என்கிற உளவு அமைப்பின் ஒரு சின்ன அணியைப் பற்றியது. ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஐந்தாறு எபிசோடிலேயே கழன்றுகொண்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாரத்துக்கு ஒரு விசித்திரப் பொருள், அதைத் துரத்திக்கொண்டு ஒரு விமானம், கடைசியில் அணித் தலைவர் கோல்சன் ஒரு ஜோக் அடிப்பார், முடிந்தது. அயர்ன் மேன் எட்டிப் பார்ப்பாரா என்று காத்திருந்தவர்களுக்குக் கோட்டு சூட்டு போட்ட அதிகாரிகள்தான் கிடைத்தார்கள். அதிலும் கோல்சனின் அணியில் அந்த கிராண்ட் வார்ட் இருக்கிறானே, சதுரத் தாடை, சிரிக்காத முகம், நல்லா சண்டை போடுவான், அவ்வளவுதான். இந்த ஆளுக்கு ஒரு குணத்தையாவது எழுதிக் கொடுக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் புலம்பத் தோன்றும்.

அந்தப் புலம்பலையெல்லாம் வாரிக்கொண்டு போகிற எபிசோட்தான் 'டர்ன், டர்ன், டர்ன்'. 2014 ஏப்ரல் 8 அன்று ஒளிபரப்பானது. அதற்கு நான்கு நாள் முன்புதான் அமெரிக்கத் திரையரங்குகளில் கேப்டன் அமெரிக்காவின் 'வின்டர் சோல்ஜர்' படம் வந்திருந்தது. ஷீல்டுக்குள்ளேயே ஹைட்ரா என்கிற எதிரி அமைப்பு பல வருஷமாக ஊறிக் கிடந்தது என்று அந்தப் படம் போட்டு உடைத்துவிட்டது. தொடரின் பெயரிலேயே இருக்கிற அமைப்பு ஒரு வார இறுதியில் காலி! படம் உடைத்த வீட்டுக்குள் ஆட்கள் எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்பதை இந்த எபிசோட் காட்டுகிறது. இப்போது படமும் தொடரும் டிஸ்னி பிளஸில் ஒரே இடத்தில் கிடைப்பதால் வரிசை முக்கியம்: 16ஆம் எபிசோட், அப்புறம் படம், அப்புறம் இது. மாற்றிப் பார்த்தால் இரண்டில் ஒன்றின் சுவை போய்விடும்.

சூப்பர் ஹீரோ சமாச்சாரம் இதில் கிட்டத்தட்ட இல்லை. முழுக்க முழுக்க யார் நம்மாள், யார் ஹைட்ரா என்கிற சந்தேகம்தான். கோல்சன் தன் அணியிலேயே இருக்கிற மெலிண்டா மே மீது துப்பாக்கியை நீட்டுகிறார், அவளோ ஷீல்டின் தலைவர் நிக் ஃப்யூரிக்கு ரகசியமாகத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த ஃப்யூரி செத்துவிட்டார் என்று அங்கேதான் அவளுக்குத் தெரிய வருகிறது. மேயாக நடிக்கும் மிங்-நா வென் முகத்தில் பெரிதாக எதையும் காட்டாமலேயே அந்த அதிர்ச்சியைக் கொடுத்துவிடுகிறார். இன்னொரு பக்கம் ஹப் என்கிற ஷீல்ட் தளத்தில் அணியின் விஞ்ஞானி சிம்மன்ஸும் ட்ரிப் என்கிற ஏஜென்ட்டும் சிக்கிக்கொள்ள, மேலதிகாரி விக்டோரியா ஹேண்ட் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து, ஹைட்ராவுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சொல், இல்லையென்றால் சாவு என்கிறார். இருவரும் மறுத்த பிறகுதான் அது அவர் வைத்த பரீட்சை என்று புரிகிறது. என் தம்பி தேசிய சேவை முடித்தவன், இந்தக் காட்சியில் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு, "ஆர்டர் போடுறவரே எதிரியா இருந்தா என்னக்கா பண்றது, யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்டான். ஹேண்டைப் பொறுத்தவரை கோல்சன்தான் துரோகி, கோல்சனைப் பொறுத்தவரை ஹேண்ட்தான் துரோகி, இரண்டு பேருமே நல்லவர்கள். ஒருவரை ஒருவர் சுடப் பார்க்கிற நேரத்தில் உண்மையான ஆள் கோல்சனின் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான்.

அந்த ஆள் ஜான் கேரட், கோல்சனின் பழைய நண்பரான ஷீல்ட் ஏஜென்ட். பில் பாக்ஸ்டன் நடித்தது. 2017இல் மறைந்துவிட்டார், இந்த வேஷத்தில் அவர் எவ்வளவு ரசித்து நடித்திருக்கிறார் என்று பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. கேரட் மாட்டிக்கொள்வதும் வாயால்தான். ஹேண்ட் செய்த பாவங்களை ஆவேசமாக அடுக்கிக்கொண்டே போகிறவன், ரெய்னா என்கிற எதிரணிப் பெண் கோல்சனின் மூளையைக் கிண்டிய விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான். அதைக் கோல்சன் அவனிடம் சொன்னதே கிடையாது. கிளாரிவாயன்ட் என்று சீசன் முழுக்கத் தேடிய மர்ம ஆள் இவன்தான் என்று அந்த ஒரு வார்த்தையில் விளங்கிவிடுகிறது. துப்பறியும் கதைக்கு இதுதான் அழகு.

கடைசி ஒரு நிமிஷம்தான் இன்னும் பெரிய அடி. கேரட்டைச் சிறைக்குக் கொண்டு போகும் விமானத்தில், வேண்டுமானால் நீயே இவனைச் சுட்டுக்கொள் என்று ஹேண்ட் வார்டுக்கு வாய்ப்புக் கொடுக்கிறார். வார்ட் காவலர்களைச் சுடுகிறான், ஹேண்டைச் சுடுகிறான். நம் வீட்டுச் சீரியல்களில் கூடவே இருந்து குழி பறிக்கிறவனைப் பின்னணி இசையே முதல் வாரத்தில் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே 17 எபிசோட் வரை மூச்சு விடவில்லை. அவன் உப்புச் சப்பில்லாத ஆளாக இருந்தது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம் என்று நினைத்தோமே, அதுவேதான் அவனுடைய முகமூடி. மறுபடி பார்த்தால் இன்னும் உறுத்தும்: அணியில் இருக்கிற ஸ்கை என்கிற பெண்ணைக் காப்பாற்றுவதற்காக ஹப் காவலர்களோடு ஹீரோ மாதிரி மோதப் போனானே, அவர்கள் ஹேண்டின் ஆட்கள், ஷீல்டுக்கு உண்மையாக இருந்தவர்கள்.

குறைகள் இருக்கின்றன. அந்த மோதலுக்கு முன் வார்டும் ஸ்கையும் கொடுத்துக்கொள்ளும் முத்தம் வலுக்கட்டாயமாகத் திணித்தது. ஆரம்பத்தில் வரும் ட்ரோன் சண்டையில் டிவி பட்ஜெட் பல்லிளிக்கிறது. ஹப் என்று சொல்லி ஒரே நடைபாதையைத் திரும்பத் திரும்பக் காட்டுவது போலவே இருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய குறை, சாஃப்ரன் பரோஸ் நடித்த ஹேண்டை அவ்வளவு சீக்கிரம் கொன்றது. முறைத்துக்கொண்டே திரிந்த ஒரு மேலதிகாரி, எல்லாரையும்விட நேர்மையானவர் என்று தெரிந்து பத்து நிமிஷம்கூட அவரோடு இருக்க விடவில்லை.

இதற்குப் பிறகு சீசன் முடிய ஐந்து எபிசோட்தான், ஒன்றைத் தொட்டால் மற்றதை விட மாட்டீர்கள். காலையில் எம்ஆர்டி பிடிக்க வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.