மார்த்தாண்டத்திலிருந்து ஷார்ஜா வரை: குறைந்த கட்டண விமானங்களும் பழைய நிறுவனங்களும், என் டைரிக் கணக்கு

ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 2001 முதல் 2021 வரை வேலை பார்த்தேன். ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். விடுமுறைக்கு வந்துபோன பயணங்களையும், ஊர் திரும்பிய பிறகு பெங்களூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்வந்த பயணங்களையும், தொழில் பழக்கத்தால் ஒரு டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். டிக்கெட் விலை மட்டுமல்ல. லக்கேஜுக்குக் கொடுத்தது, வண்டி வாடகை, தாமதமான மணி நேரம் எல்லாம் அதில் உண்டு. சாப்பாடும் லக்கேஜும் டிக்கெட்டிலேயே அடங்கும் பழைய நிறுவனங்களில் போவது நல்லதா, அவற்றைத் தனியாக விற்கும் குறைந்த கட்டண நிறுவனங்களில் போவது நல்லதா என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த டைரியைப் புரட்டித்தான் பதில் சொல்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. குமரிக்காரர்களுக்கு விமான நிலையம் என்றால் அது திருவனந்தபுரம்தான். தூத்துக்குடியும் மதுரையும் வரைபடத்தில் இருக்கின்றன, பழக்கத்தில் இல்லை. ஆகவே எங்கள் பயணச் செலவு டிக்கெட்டில் தொடங்குவதில்லை, வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும் வண்டியில் தொடங்குகிறது. களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் தூரம் என்றாலும், நெரிசலில் அது இரண்டு மணி நேரத்தையும் தின்னும். அதிகாலை 4 மணி விமானத்துக்கு இரவு 11 மணிக்கே கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது, வண்டிதான் பிடிக்க வேண்டும். டிக்கெட்டில் 1,500 ரூபாய் மிச்சம் பிடித்து, நடுராத்திரி நேரத்துக்காக வண்டிக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுத்த பயணங்கள் என் டைரியில் ஏழு இருக்கின்றன.

2001இல் நான் முதன்முதலாகப் போனது கல்ஃப் ஏரில், பஹ்ரைன் வழியாக. மார்த்தாண்டத்து டிராவல்ஸ்காரர், கார்பன் தாள் வைத்த சிறு புத்தகம் போன்ற டிக்கெட்டைக் கையில் தந்தபோது, அதில் எழுதியிருந்த தொகை என் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமாக இருந்தது. அப்போது எங்கள் ஊரிலிருந்து வளைகுடா போனவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்ததற்குக் கம்பெனி விதி மட்டும் காரணமில்லை, டிக்கெட்டும் காரணம். 2003 அக்டோபரில் ஷார்ஜாவைத் தளமாகக் கொண்டு ஏர் அரேபியா என்ற குறைந்த கட்டண நிறுவனம் பறக்கத் தொடங்கியது. 2005 ஏப்ரல் 29 அன்று ஏர் இந்தியாவின் குறைந்த கட்டண நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குக் கிளம்பியது. டெல்லியையோ மும்பையையோ விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்திலிருந்து அது தொடங்கியதற்குக் காரணம் எங்களைப் போன்றவர்கள்தான் என்று இன்றும் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு பழைய நிறுவனங்களும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. குறைந்த கட்டண விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவர்களும் அதனால் பயன் அடைந்திருக்கிறார்கள் என்பதை, அவற்றைக் குறை சொல்பவர்கள் கவனிப்பதில்லை.

விலை எப்படிக் குறைகிறது என்பதைக் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் நான் ஓரளவு புரிந்துகொண்டேன். ஒரே ரக விமானங்களை வைத்துக்கொண்டால் விமானிகளின் பயிற்சியும் உதிரி பாகங்களும் ஒரே வகையோடு முடிந்துவிடும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737-800இல் 189 இருக்கைகள் போட்டிருந்தார்கள். பிசினஸ் வகுப்பு வைக்கும் நிறுவனங்கள் அதே விமானத்தில் அவ்வளவு பேரை ஏற்றுவதில்லை. சாப்பாடு, இருக்கைத் தேர்வு, லக்கேஜ் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக விற்றார்கள். ஏஜென்ட் கமிஷனைத் தவிர்க்க இணையத்தில் நேரடியாக டிக்கெட் விற்றார்கள். 2008 ஜூனில் உலகம் முழுவதும் காகித டிக்கெட் நின்றதும் அது இன்னும் எளிதாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, விமானத்தைத் தரையில் நிற்க விடுவதில்லை. இறங்கிய அரை மணி நேரத்தில் மறுபடியும் ஏற்றிவிடுவார்கள். நின்றுகொண்டிருக்கும் விமானம் சம்பாதிப்பதில்லை என்பது சரியான கணக்குதான். ஆனால் காலையில் வட இந்தியப் பனிமூட்டத்தில் இரண்டு மணி நேரம் தாமதமான ஒரு விமானம், நான்காவது பயணமாக இரவில் திருவனந்தபுரத்துக்கு வந்து சேரும்போது, அந்தத் தாமதத்தை நாம்தான் சுமக்கிறோம்.

லக்கேஜ் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 2008இல் விடுமுறை முடிந்து திரும்பியபோது அம்மா இரண்டு டப்பா முந்திரிக்கொத்தும், ஒரு பொட்டலம் அச்சுமுறுக்கும், நான்கு வட்டுக் கருப்பட்டியும், எங்கள் அத்தானுக்கு என்று அக்கா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடும் சேர்த்துக் கட்டியிருந்தார். வீட்டில் ரப்பர் ஷீட் எடை போடும் தூக்குத் தராசில் பெட்டி 29 கிலோ காட்டியது. விமான நிலையக் கவுண்டரில் அதே பெட்டி 33.4 காட்டியது. ரப்பர் தராசு யார் பக்கம் சாயும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அவசரத்தில் மறந்துபோயிற்று. மிகை எடைக்குக் கேட்ட தொகை, டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணத்தில் பாதியைத் தாண்டியது. வரிசையிலிருந்து விலகி, தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். பக்கத்தில் குளச்சல்காரர் ஒருவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். அவர் இரண்டு சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அதற்குமேல் கம்பளிச் சட்டையையும் மாட்டினார், மே மாதத்தில். கருப்பட்டியையும் ஒரு டப்பாவையும் வெளியே காத்திருந்த டிரைவரிடம் கொடுத்தேன். "அண்ணே, அம்மாகிட்ட என்ன சொல்ல?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கருவாடு மட்டும் ஷார்ஜா போய்ச் சேர்ந்தது.

அன்று ஒரு பழைய நிறுவனத்தில் போயிருந்தால் அந்த எடை பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடங்கியிருக்கும். டிக்கெட் அவ்வளவு கூடுதலும் இல்லை. அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது: விலையை ஒப்பிடும்போது முதலில் வீட்டில் பெட்டியை மின்னணுத் தராசில் நிறுத்துவேன், பிறகுதான் டிக்கெட்டைப் பார்ப்பேன். (போகிற போக்கில் ஒன்று: கொப்பரைத் தேங்காயை எந்த விமானத்திலும் பெட்டியில் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது என்பதால் தடை இருக்கிறது. சாதாரணத் தேங்காய்க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் எங்கள் ஊர்க்காரர்கள் கவுண்டரில் வாதாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.)

எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் குறைந்த கட்டண விமானம்தான் லாபம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான்கு மணி நேரப் பயணத்தில் ஒரு தட்டுச் சாப்பாட்டுக்காகப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தமில்லை. வீட்டிலிருந்து கட்டிய புளிச்சோறு போதும். ஏதாவது தவறிவிடும் நாளில்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. நஷ்டத்தை யார் ஏற்பது என்பதே அந்த வேறுபாடு.

2014இல் அப்பா இறந்த செய்தி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போக ஒரு பழைய வளைகுடா நிறுவனத்தில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் ஒரு சிறு மாற்றுக் கட்டணத்தையும் விலை வித்தியாசத்தையும் வாங்கிக்கொண்டு அன்று மாலை விமானத்துக்கே அதை மாற்றித் தந்தார்கள். தங்கள் தளத்தின் வழியாக இரண்டு விமானங்களில் அனுப்பினார்கள். ஒரே டிக்கெட் என்பதால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டிருந்தாலும் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. என் அறையில் இருந்த நண்பர் ஒருவர் அதே ஆண்டில் இதேபோன்ற நிலையில் குறைந்த கட்டண டிக்கெட்டைக் கைவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்துப் போனார். தனித்தனியாக எடுத்த இரண்டு குறைந்த கட்டண டிக்கெட்டுகளில் முதலாவது தாமதமானால் இரண்டாவது வெறும் காகிதம் என்பதை அவர் பின்னர் வேறொரு பயணத்தில் தெரிந்துகொண்டார். பழைய நிறுவனங்களைத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன்; இன்னொரு முறை அவற்றில் ஒன்று என் பெட்டியை நான்கு நாள் கழித்துத்தான் மார்த்தாண்டத்துக்கு அனுப்பியது.

உள்நாட்டுப் பயணத்தில் என் கசப்பான அனுபவம் 2022இல் நேர்ந்தது. பெங்களூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாலை விமானம். அன்று மதியம், 'இயக்கக் காரணங்களால்' ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. அடுத்த விமானம் மறுநாள் இரவு. அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம் என்றார்கள். மறுநாள் காலை நாகர்கோவிலில் பத்திரப்பதிவு இருந்ததால் பணத்தை வாங்கிக்கொண்டு இரவுப் பேருந்து பிடித்தேன். பிறகுதான் விதியைப் படித்தேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, போதிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரையுள்ள பயணத்துக்கு 7,500 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதை இழப்பீடாகத் தர வேண்டும். வானிலை போன்ற கட்டுப்பாட்டை மீறிய காரணங்கள் விதிவிலக்கு. அதாவது, மலிவாக எடுத்த டிக்கெட்டுக்கு இழப்பீடும் மலிவாகவே கிடைக்கும். மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு 2,300 ரூபாய் வந்தது. பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாக இருந்தது. அப்படிப் போயும் பதிவு தள்ளிப்போனது, அதற்கு யாரும் ஈடு தரவில்லை.

அதே விதிகளில் எங்கள் பகுதியில் பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. நாமே போகாமல் விட்ட டிக்கெட்டாக இருந்தாலும், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் அரசு வரிகளையும் திருப்பித் தர வேண்டும். 'பணம் திரும்ப வராத டிக்கெட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. நான் கேட்டு இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.

இப்போது இந்தியாவுக்குள் எது பழைய நிறுவனம், எது குறைந்த கட்டண நிறுவனம் என்று பிரிப்பதே கடினமாகிவிட்டது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் திரும்பியது. 2024இல் அதன் மிகக் குறைந்த உள்நாட்டுக் கட்டணத்தில் இலவச லக்கேஜ் 15 கிலோவாகக் குறைக்கப்பட்டது, மற்றவர்கள் தரும் அதே அளவு. மறுபக்கம், ஒரே வகுப்பு என்பதையே கொள்கையாக வைத்திருந்த இண்டிகோ அதே ஆண்டு நவம்பரில் டெல்லி–மும்பை வழியில் பிசினஸ் வகுப்பைத் தொடங்கியது. இதற்கிடையில் போட்டியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள்: 2012இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. உள்நாட்டுப் பயணிகளில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோ என்ற ஒரே நிறுவனத்தில் பறக்கும் நிலையில், ஓணம், கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை நாட்களில் 'குறைந்த கட்டணம்' என்பது பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில் குறைந்த கட்டண விமானத்தைவிடப் பழைய நிறுவனத்தின் டிக்கெட் 900 ரூபாய் குறைவாக இருந்ததை டைரியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

சென்னைக்கு நான் விமானத்தை விட்டே விட்டேன். 2024 ஆகஸ்ட் 31 முதல் நாகர்கோவிலிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. ஏறத்தாழ 9 மணி நேரத்தில் எழும்பூர். திருவனந்தபுரம் போகும் வண்டி வாடகை, இரண்டு மணி நேரக் காத்திருப்பு, சென்னையில் நகருக்குள் போகும் செலவு எல்லாம் கூட்டினால் எந்தக் கட்டண விமானமும் அதற்கு ஈடாகாது. வளைகுடாவுக்குத் தனியாகச் சின்னப் பெட்டியோடு போகும் இளைஞர்களுக்குக் குறைந்த கட்டண நேரடி விமானத்தைத்தான் சொல்கிறேன். புதிதாக வேலையில் சேரத் தேதி குறித்தவர்களுக்கும், வேறு நாட்டுக்கு மாறிப் போகிறவர்களுக்கும், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் வரும் பழைய நிறுவனங்களைச் சொல்கிறேன். யாராக இருந்தாலும் பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆறாட்டு நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் அந்த மாலையில், சில மணி நேரம் எல்லா விமானங்களும் காத்திருக்கும்.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். நானும் மனைவியும் போவதற்கு, நேரடியான குறைந்த கட்டண விமானத்தில், பகல் நேரமாகப் பார்த்து டிக்கெட் எடுத்திருக்கிறேன். ரத்தானாலும் சமாளிக்கும்படி பத்து நாள் முன்னதாகவே போகிறோம். சுக்கு, கருப்பட்டி, நல்லெண்ணெய், பேறுகால மருந்துச் சாமான்கள், முந்திரிக்கொத்து என்று மனைவி கட்டிவைத்த மூட்டைகளை நேற்று நிறுத்திப் பார்த்தேன்: 41 கிலோ. அவை மைத்துனரோடு நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் வருகின்றன. எங்களிடம் ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும்.