கோயில் திடலுக்கே வரும் ரெக்கார்டிங் வண்டி: எதற்குக் கூப்பிடலாம், எதற்கு வேண்டாம்

கொங்குப் பக்கம் மேளத்தையோ கும்மியையோ பதிவு செய்ய இதுவரை பெரும்பாலும் இரண்டு வழிதான். கோயம்புத்தூர் ஸ்டூடியோவுக்குக் குழுவோடு போகலாம். இல்லையென்றால் திடலுக்கு ஒலிபெருக்கி வைக்கும் ரேடியோ செட்காரர் மிக்சரில் பென் டிரைவ் சொருகி வாங்கிக்கொள்ளலாம். ஸ்டூடியோவில் பாட்டுக்கென்று கட்டிய சின்ன அறைக்குள் தவில் அடைத்துப்போகும். ரேடியோ செட்டில் வருவது திடலுக்குக் கேட்பதற்காக வைத்த அளவு, ரெக்கார்டிங்குக்கு ஆகாது. ஈரோட்டைச் சுற்றி ஓடும் இந்த வண்டி மூன்றாவது வழி. தவில் வாசித்த ஒருவரும் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்த ஒருவரும் சவுண்ட் வேலை கற்று நடத்துகிறார்கள்.

வண்டி ஒரு டெம்போ டிராவலர். பின் சீட்டுகளைக் கழற்றி, சுவரில் சத்தம் உறிஞ்சும் 50 மில்லிமீட்டர் ராக்வுல் வைத்து பிளைவுட் அடித்திருக்கிறார்கள். உள்ளே பெரிங்கர் எக்ஸ்ஆர்18 டிஜிட்டல் மிக்சர், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் ஓடும் லேப்டாப், தனியாக ஒரு ஜூம் ரெக்கார்டர். மிக்சரில் 16 மைக் பிரீஆம்ப் (மைக் சத்தத்தை ஏற்றும் பகுதி) உண்டு, சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. இந்த வேலைக்கு அது போதும். மிக்சரை இயக்க அதிலேயே இருக்கும் வைஃபை கூட்டத்தில் அறுந்துவிடும் என்பதால் தனி ரவுட்டர் வைத்திருப்பது நல்ல முடிவு. பல மைக் வயர்களை ஒன்றாகக் கட்டிய 30 மீட்டர் மல்டிகோர் கேபிள் இருப்பதால் வண்டியைத் தள்ளி நிறுத்த முடிகிறது. மேளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நேராக வரும் சத்தம் ஹெட்போனுக்குள்ளும் புகுந்து, எது மைக்கில் வருகிறது என்றே தெரியாது.

மைக் வைக்கும் இடத்தில்தான் இவர்கள் வாசித்தவர்கள் என்பது தெரிகிறது. நாதஸ்வரத்துக்கு அணசின் (குழலின் அகன்ற அடிமுனை) வாயருகே மைக்கை நீட்டுவது பலரும் செய்யும் தப்பு. சத்தம் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசில் வைத்தால் சில ஸ்வரம் முட்டும், சில ஸ்வரம் ஒடுங்கும். இவர்கள் குழலின் நடுப்பகுதியைப் பார்த்து, முக்கால் மீட்டர் தள்ளி, சற்று உயரத்தில் கண்டென்சர் மைக்கை வைக்கிறார்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளி நனைந்து பதத்துக்கு வரும்வரை லெவல் பார்ப்பதும் இல்லை. காய்ந்த சீவாளியில் பார்த்த லெவல் பத்து நிமிடத்தில் பொய்யாகிவிடும்.

தவிலுக்கு இரண்டு மைக். விரலில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலைக்கு ஷ்யூர் எஸ்எம்57 மைக், ஒரு சாண் தள்ளி, தோலுக்கு 45 டிகிரி சாய்வில். கழியால் அடிக்கும் தொப்பிக்குக் கீழ்ச்சத்தம் வாங்கும் பெரிய டைனமிக் மைக். இரண்டும் எதிரெதிரே பார்ப்பதால், தொப்பியில் அடி விழும்போது ஒரு மைக்குக்குக் காற்று நெருங்கி வரும், மற்றதுக்கு விலகிப் போகும். சேர்த்துக் கேட்டால் கும் என்ற அடிச்சத்தம் காணாமல் போகும். ஒன்றின் போலாரிட்டியை, அதாவது அலையின் பிளஸ் மைனஸைத் திருப்பி, மோனோவில் கேட்டு, எந்த நிலையில் வயிறு நிறைகிறதோ அதில் விட வேண்டும். இதை ஒவ்வொரு தவிலுக்கும் தனித்தனியாகச் செய்தார்கள். லெவலும் சரி: உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டவில்லை (பூஜ்யத்தைத் தாண்டினால் சத்தம் உடையும்). தாளத்தை முடித்துத் தீர்மானம் வைக்கும்போது கை எவ்வளவு ஏறும் என்று வாசித்தவருக்குத் தெரியும்.

பறைக்கு இன்னொரு கணக்கு. தோல் தீயில் காய்ந்ததும் கணீரென்று இருக்கும். இரவுப் பனியில் இறங்கிக்கொண்டே வரும். காய்ச்சிய உடனே எடுத்த டேக்கையும் அரை மணி கழித்து எடுத்ததையும் வெட்டி ஒட்டினால் ஒட்டுப்போட்ட இடம் காதுக்குத் தெரியும். இவர்கள் காய்ச்சிய நேரத்தை டிராக்கில் குறித்து வைக்கிறார்கள். திருத்த வேண்டிய இடம் வந்தால், மறுபடி காய்ச்சச் சொல்லி அந்த அடியிலிருந்து எடுக்கிறார்கள்.

வள்ளி கும்மியில் இவ்வளவு தெளிவு இல்லை. ஆசிரியர் நடுவில் பாட, பெண்கள் சுற்றி வந்து வாங்கிப் பாடுகிறார்கள். வட்டத்துக்கு நடுவில் இரண்டு மைக்கை 90 டிகிரி கோணத்தில் சேர்த்த எக்ஸ்ஒய் ஜோடி ஒன்றை மட்டும் உயரத்தில் வைத்தார்கள். அது முன்பக்கத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். பின்னால் போகிறவர்களின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. முதுகோடு முதுகாக இரண்டு ஜோடி கேளுங்கள். கைதட்டு பாட்டைவிடப் பல மடங்கு கூர்மையாக ஏறும் என்பதால், குரலை வைத்து கெயின் (மைக் சத்தத்தை ஏற்றும் அளவு) பார்க்க விடாதீர்கள், தட்டச் சொல்லிப் பாருங்கள்.

உடுக்கை அடித்து விடிய விடிய கதை பாடும் உடுக்கடிப் பாட்டுக்கு இந்த வண்டியை யோசிக்காமல் கூப்பிடலாம். 1960-களில் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் கொங்கு நாட்டில் தங்கி, பொன்னர்-சங்கர் வரலாறான அண்ணன்மார் கதையைப் பதிந்தது டேப்பில். ரீல் தீரும் ஒவ்வொரு முறையும் மாற்றியாக வேண்டும். இப்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. 16 டிராக்கும் ஓடினால் மணிக்கு 8.3 ஜிபி, ஆறு மணி நேரத்துக்கு 50 ஜிபி. சொந்தமாக 128 ஜிபி எஸ்எஸ்டி கொண்டுபோனால் ரா ஃபைல்களை (கலக்காத தனித்தனி டிராக்குகளை) அங்கேயே ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

ஏன் என்றால் டிராக்குகளை அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்சிங் இவர்கள் பலவீனம். வாசித்தவர் காது தன் வாத்தியத்தையே தேடுகிறது: தவில் முன்னால் நிற்கிறது, நாதஸ்வரம் அதன் முதுகுக்குப் பின்னால். சத்தமும், உச்சத்தை அமுக்கும் லிமிட்டரில் நசுக்கப்பட்டிருந்தது. யூடியூப், சராசரிச் சத்தம் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு மேல் உள்ளதைக் குறைத்துத்தான் ஒலிபரப்பும். நசுக்கியதால் அடியின் கூர்மை போனதுதான் மிச்சம். பதிவை இவர்களிடம், மிக்சிங்கை வேறு கையில் கொடுப்பதே என் யோசனை.

பதிவின்போது இரண்டு சேனலில் 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தது. ரேடியோ செட்காரரின் மிக்சரும் இவர்கள் லேப்டாப்பும் வேறு வேறு பிளக்கில் எர்த் ஆனதுதான் காரணம். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டியதும் நின்றது. எர்த் பின்னை ஒடிக்கிற கெட்ட வழக்கத்துக்கு இவர்கள் போகவில்லை. ரேடியோ செட்டோடு மைக்கைப் பகிரும்போது, ஒரு மைக்கை இரண்டு மிக்சருக்கும் பிரிக்கும் டிரான்ஸ்பார்மர் ஸ்பிளிட்டர் போடச் சொல்லுங்கள், வயரையே இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் வேண்டாம். கண்டென்சர் மைக் ஓட வேண்டிய 48 வோல்ட் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போக வேண்டும். அது ரெக்கார்டிங் வண்டியிலிருந்து போகட்டும். செட்காரர் நடுவில் ஸ்விட்சை அணைத்தால் கண்டென்சர் மைக் எல்லாம் ஊமையாகிவிடும்.

ஒரு நாளுக்கு 18,000 ரூபாய், டீசல் தனி. ரசீதில் பதிவின் உரிமை யாருக்கு என்று எழுதி வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு கலைஞருக்குத் தன் நிகழ்ச்சி மீது 50 வருட உரிமை தருகிறது, வாசித்தவர்கள் எல்லார் பெயரும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

நாள் குறிக்கும்போது காற்றைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் வரும் காற்றை இவர்களிடம் இருக்கும் ஸ்பாஞ்ச் உறை தாங்காது. ரோமம் வைத்த உறை வாங்கச் சொல்லுங்கள், அல்லது மாசி, பங்குனிக்குத் தள்ளுங்கள். சோமனூர்ப் பக்கமென்றால் தறி ஓடாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தறிச் சத்தம் கீழிருந்து மேல்வரை எல்லா அலைவரிசையிலும் இருப்பதால், பின்னால் எந்த ஃபில்டர் போட்டாலும் பாட்டையும் சேர்த்துத்தான் அறுக்கும்.